ஆளா, மரமா? அன்னூர் என்ற பெயரும் அதன் உறவுகளும்

அன்னூர் மன்னீஸ்வரர் கோயிலின் தலவரலாறு ஒரு வள்ளிக்கிழங்கில் தொடங்குகிறது. அன்னி என்றொரு வேடன் கிழங்குக்காக மண்ணைத் தோண்டினான். தோண்டத் தோண்டக் கிழங்கு கீழே போய்க்கொண்டே இருந்தது. ஆத்திரத்தில் கோடரியை ஓங்கிப் போட, குழிக்குள்ளிருந்து ரத்தம் பீறிட்டது. அலறியடித்துக்கொண்டு ஓடியவன் சொன்ன சேதி அரசன் வரைக்கும் போயிற்று. அரசன் வந்து பார்த்தால் மண்ணுக்குள் லிங்கம். வெட்டியவனை மன்னித்ததால் சாமிக்கு மன்னீஸ்வரர் என்று பெயர். வெட்டியவன் பெயரில் ஊர் அன்னியூர். அதுவே நாளடைவில் அன்னூர். அருந்தவச்செல்வி அம்மனோடு அவர் அங்கே இருக்கிறார், மார்கழியில் தேர் ஓடுகிறது.

கொங்கு நாட்டில் கோயில் கோயிலாகச் சுற்றியவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. காரமடையில் புதருக்குள் பால் சொரிந்த பசு உண்டு, பேரூர்ப் பட்டீஸ்வரர் தலையில் கன்றின் குளம்படி உண்டு. ஊருக்கு ஊர் ஆள் மாறுவார், ஆயுதம் மாறும். மண்ணுக்குள்ளிருந்து வரும் ரத்தமோ பாலோ மட்டும் மாறாது. சுயம்பு என்று சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் தமிழ்நாட்டுத் தலபுராணம் இந்த வழியில்தான் போகும். ஆகவே கிழங்கையும் கோடரியையும் ஒதுக்கி வைத்துவிடலாம். கதையில் இந்த ஊருக்கென்று தனியாக மிஞ்சுவது அன்னி என்ற பெயர் ஒன்றுதான்.

அதே ஊரில் அதே பெயருக்கு இன்னொரு விளக்கமும் வழங்குகிறது. அங்கே முன்பு வன்னி மரங்கள் அடர்ந்த காடு இருந்ததாம். வன்னியூர் அன்னியூராகி, அன்னூராகிவிட்டதாம். போதாததற்கு மேற்றலைத் தஞ்சாவூர் என்று ஒரு பழம்பெயரும் சொல்வார்கள். அது ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் தனியாக நிற்கிறது. அதை விட்டால் கேள்வி இதுதான்: அன்னூரின் முதல் பாதியில் இருப்பது ஆளா, மரமா?

அன்னியூர் அன்னூரானதில் சிக்கல் ஏதுமில்லை. பக்கத்திலேயே கருவூர் கரூராகியிருக்கிறது. நடுவில் நிற்கும் சின்ன உயிரையும் உடம்படுமெய்யையும் பேச்சு விழுங்கிவிடும். சண்டை அன்னி என்ற மூன்றெழுத்தில்தான்.

ஆள் என்று சொல்பவர்களுக்குச் சங்க இலக்கியம் கை கொடுக்கும் போலத் தோன்றும். அன்னி என்ற பெயரில் ஒரு குறுநிலத் தலைவன் அகநானூற்றில் வருகிறான். குறுக்கைப் பறந்தலையில் திதியன் என்பவனோடு போரிட்டு, அவனுடைய காவல் மரமான புன்னையை வெட்டிச் சாய்த்தவன். வெள்ளிவீதியாரும் கயமனாரும் அந்த மரம் விழுந்த ஆரவாரத்தை உவமையாக்கியிருக்கிறார்கள். நக்கீரர் பாட்டில் அவன் முடிவு வருகிறது: நீடூர்த் தலைவன் எவ்வி, திதியனோடு மோத வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் போய் மாண்டான். ஆளா மரமா என்று கேட்டுக்கொண்டு வருகிற நமக்கு, வரலாற்றில் கிடைக்கிற அன்னி ஒரு மரத்தை வெட்டியதாலேயே நினைக்கப்படுகிறவன் என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

இன்னொரு அன்னி பெண். அன்னி மிஞிலி. அவள் தகப்பனின் பசு, பயறு விளைந்த வயலில் இறங்கி மேய்ந்துவிட்டது. அதற்காகக் கோசர் என்ற குடியினர் அவர் கண்களைப் பிடுங்கினார்கள். மிஞிலி நோன்பு பிடித்தாள்: கலத்தில் உண்ணமாட்டேன், தூய ஆடை உடுக்கமாட்டேன் என்று. குறும்பியனிடமும் திதியனிடமும் முறையிட்டு, அவர்கள் கோசர்களைக் கொன்ற பிறகே அவள் சினம் ஆறியது. சொன்னவர் பரணர், இரண்டு பாட்டில் சொல்கிறார். மிஞிலி என்ற பெயர் பெண்ணுக்கே உரியதும் அல்ல. நன்னனுக்காகப் போரிட்டு ஆய் எயினனைக் கொன்ற வீரனுக்கும் அதே பெயர். ஆகவே அன்னி என்பது அவள் தகப்பன் பெயர் என்றும் கொள்ளலாம், அவள் பெயரின் முன்பாதி என்றும் கொள்ளலாம்.

கோசர் என்றதும் கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் காது நிமிரும். கோசர் ஊர்தான் கோசம்பத்தூராகிக் கோயம்புத்தூர் ஆனது என்று ஒரு கட்சி நெடுநாளாக இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, கண்ணகிக்கு விழா எடுத்தவர்களில் கொங்கு இளங்கோசரையும் சேர்க்கிறது. அப்புறமென்ன? ஒரு பக்கம் கோசர் பெயரில் கோவை, முப்பது கிலோமீட்டர் தள்ளிச் சத்தி சாலையில் அன்னி பெயரில் அன்னூர். நடுவில் பரணர் பாட்டு. முடிச்சுப் போட்டுவிட எவருக்கும் கை பரபரக்கும். உள்ளூர் வரலாற்று மேடைகளுக்கு இதைவிடத் தித்திப்பான பொருத்தம் கிடைக்காது.

ஆனால் பாட்டுகள் நடக்கிற இடத்தைப் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. மிஞிலியின் வழக்கில் வரும் திதியன் அழுந்தூர்த் திதியன். அழுந்தூர் இன்றைய தேரழுந்தூர். குறுக்கை, நீடூர் எல்லாமே மயிலாடுதுறைச் சுற்றுவட்டாரம். வெட்டுப்பட்ட மரமும் புன்னை. கடற்காற்று பட்டு வளர்கிற நெய்தல் நிலத்து மரம் அது. கொங்கின் சரளைக்காட்டில் யாரும் அதைக் காவல் மரமாக வைத்துக் கும்பிட்டிருக்க முடியாது. சங்க இலக்கியத்து அன்னி காவிரி முகத்துவாரத்து ஆள். பெயர் ஒன்று என்பதற்காக அவனை ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் மேற்கே இழுத்துவர வழியில்லை.

அந்தச் சோழ நாட்டிலேயே அன்னியூர்கள் உண்டு. ஒன்று நீடூருக்கு அருகில், இன்று பொன்னூர் என்று வழங்குவது. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அன்னி என்ற தலைவனின் பெயர் உண்மையிலேயே ஏதாவது ஓர் ஊருக்கு ஒட்டியிருக்கும் என்றால், அவன் வாழ்ந்து செத்த மண்ணிலேயே இருக்கிற இந்த ஊருக்குத்தான் முதல் உரிமை. ஆனால் அந்தக் கோயிலின் தலபுராணத்துக்கு அன்னியைத் தெரியவே தெரியாது. அக்னி வந்து பூசித்ததால் அக்னியூர், அது அன்னியூர் என்கிறது. அன்னி வாழ்ந்த இடத்தில் அவனை மறந்து அக்னியைச் சொல்கிறார்கள். அவன் காலடி படாத கொங்கில் அன்னி என்றொரு வேடனைச் சொல்கிறார்கள்.

இரண்டாவது அன்னியூர் திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமான சாட்சி. அப்பர் தேவாரத்தில் இந்த ஊர் வன்னியூர். இன்று மக்கள் வழக்கில் அன்னியூர். சாமி அக்னிபுரீஸ்வரர், தல மரம் வன்னி. அன்னூரில் மரக்கட்சிக்காரர்கள் சொல்லும் அதே மாற்றம், முன்னெழுத்து வகரம் உதிர்ந்து வன்னி அன்னியாவது, இங்கே ஏழாம் நூற்றாண்டுப் பாட்டுக்கும் இன்றைய ஊர்ப்பலகைக்கும் நடுவில் கண்ணெதிரே நடந்திருக்கிறது. தமிழில் சொல்லின் முதல் வகரம் சும்மா விழுவது அபூர்வம் என்ற மறுப்பை வைத்துக்கொண்டு வன்னியை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு இந்த ஓர் ஊர் போதும்.

வன்னி என்றால் தமிழில் மரம் மட்டுமல்ல, நெருப்பும்தான். வடமொழி வஹ்னி தமிழுக்கு வந்து வன்னியானது. மரத்தை வடக்கே சமி என்பார்கள். வேள்விக்குத் தீக் கடையும் அரணிக்கட்டையோடு அதைச் சேர்த்துப் பேசுவது பழைய மரபு. அதனால்தான் திருவாரூர்ப் பக்கம் அக்னிபுரீஸ்வரருக்கு வன்னி தல மரமாக நிற்கிறது. அக்னி விளக்கமும் வன்னி மர விளக்கமும் இரண்டு அல்ல, ஒரே சொல்லின் இரண்டு கிளைகள். அந்தச் சொல் இன்னும் எங்கெங்கோ படர்ந்தது: அக்னி குலம் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் வன்னியர், ஈழத்து வன்னி நிலப்பரப்பு, 1803-இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயர் கோட்டையைத் தாக்கிய பண்டார வன்னியன். நிலமும் ஆளும் சமூகமும் ஒரே பெயரைப் பங்கு போட்டுக்கொண்டால் எது முந்தியது என்று கோடு கிழிப்பது கஷ்டம். அங்கேயும் ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மரம் கொங்குக்கு அந்நியமும் அல்ல. மழை குறைந்த மேட்டு நிலத்தில் வேரை ஆழமாக விட்டு நிற்கிற மரம் வன்னி. கொடுமுடி மகுடேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் அதன் முதிய வன்னியைச் சுற்றாமல் வந்திருக்க மாட்டார்கள். இதே மரம்தான் ராஜஸ்தானத்தின் கேஜ்ரி. ஜோத்பூர் பக்கம் கேஜர்லி என்ற ஊருக்கே அதுதான் பெயர். 1730-இல் அந்த மரங்களை வெட்டவிடாமல் கட்டிப் பிடித்து 363 பிஷ்னோய் மக்கள் உயிர் விட்டது அங்கேதான்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது அன்னூர் விஷயத்தில் நான் மரத்தின் பக்கம்தான் சாய்கிறேன். வேடன் கதை பெயரைப் பார்த்துப் பின்னால் கட்டியது. அந்தக் கதை சாமியின் பெயரையும் விட்டுவைக்கவில்லை என்பது என் சந்தேகத்தை வலுவாக்குகிறது. மன்னித்ததால் மன்னீஸ்வரர் என்கிறது அது. தமிழில் மன்னுதல் என்றால் நிலைபெறுதல். மன்னீசர் என்பதை நிலைபெற்ற ஈசர் என்று படித்தால் வேடனும் வேண்டாம், கோடரியும் வேண்டாம். பக்கத்து ஊரான அவிநாசியில் இருப்பவரின் பெயருக்கும் பொருள் அழியாதவர் என்பதுதான். ஒரே வட்டாரத்து இரண்டு சிவன்கள், ஒருவர் தமிழிலும் ஒருவர் வடமொழியிலும் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

இது ஏதோ ஓர் ஊரின் தனிக்குழப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். அன்னூரைச் சுற்றி எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் இந்த ஆள்–மரம் வழக்கு கூடவே வரும். கரியாம்பாளையம், பிள்ளையப்பம்பாளையம் என்று ஊர்கள். பிள்ளையப்பன், கரியான் என்று ஆள் பெயர்கள். பகரம் வந்ததும் னகரம் மகரமாகிவிட்டது. அரசாங்கப் பலகையில் பெரியநாயக்கன்பாளையம் என்று எழுதியிருப்பதை ஊர்க்காரர்கள் பெரியநாய்க்கம்பாளையம் என்று சொல்வதைக் கேட்டால் இது எப்படி நடக்கிறது என்பது காதிலேயே விழும். கோவன்புத்தூர் கோயம்புத்தூரானதும் இதே வழியில்தான். கல்வெட்டுகளில் கோவன்புத்தூர், வீரகேரளநல்லூர் என்று இரண்டு பெயர்கள் கிடைக்கின்றன. அரசு சூட்டிய பட்டப்பெயர் அரசோடு போயிற்று. கோவன் என்ற, இருளர் தலைவனாகச் சொல்லப்படும் ஆளின் பெயர் மகரத்துக்குள் ஒளிந்துகொண்டு பிழைத்தது. கோசர் கட்சியைவிடக் கோவன் கட்சி எனக்கு ஏற்புடையதாக இருப்பதற்குக் காரணம் கல்வெட்டும் இந்த மகரமும்தான்.

அதற்காக மகரத்தைக் கண்ட இடமெல்லாம் ஆளைத் தேடினால் ஏமாந்துபோவோம். அன்னூருக்கு அடுத்த பெரிய ஊர் புஞ்சைப் புளியம்பட்டி. அங்கே புளியன் என்று யாரும் இல்லை. புளி மரம், அம் சாரியை, பட்டி, அவ்வளவுதான். காட்டம்பட்டியில் இருப்பது காடா, காட்டன் என்ற ஆளா? எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. மரத்தின் சாரியையும் மனிதனின் விகுதியும் பகரத்துக்கு முன்னால் ஒரே முகத்தோடு நிற்கின்றன. அப்படி இரண்டுக்கும் இடமிருக்கிற போதெல்லாம் ஊர் ஆளைத்தான் தேர்ந்தெடுக்கும். மரத்துக்குக் கதை கிடையாது, ஆளுக்கு உண்டு.

பாளையம் என்ற பின்னொட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. படை இறங்கும் இடம், பாளையக்காரர் ஆட்சிப்பகுதி என்றெல்லாம் பாடப்புத்தகம் சொல்லும். கொங்கில் பாளையம் என்று முடிகிற ஊர்களில் பெரும்பாலானவை எந்தப் பாளையக்காரரையும் பார்த்திருக்காது. நான்கு குடும்பம் தோட்டம் பிடித்து உட்கார்ந்தால் அது ஒரு பாளையம். ஆகவே முன்னால் இருக்கிற பெயர் ராஜா பெயராக இருக்க வேண்டியதில்லை. முதலில் கிணறு வெட்டியவர் பெயராக இருக்கலாம்.

அப்படிப்பட்ட பெயர்களில் என்னை அதிகம் நிறுத்துவது மூக்கனூரும் குப்பனூரும். இரண்டும் அன்னூர் ஒன்றியத்து ஊராட்சிகள். கூடவே குப்பேபாளையம் என்றொன்றும் இருக்கிறது. குப்பனும் மூக்கனும் அழகுக்காக வைத்த பெயர்கள் அல்ல. பிறக்கிற பிள்ளையெல்லாம் தவறிப்போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் காப்பாற்ற வைத்த பெயர்கள். குழந்தையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். இன்னொரு பெண் வந்து, கேட்பாரற்றுக் கிடந்ததை எடுத்துவந்தேன் என்று தூக்கிக்கொண்டு வருவாள். பெற்றவள் தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து வாங்கிக்கொள்வாள். அது குப்பன், பெண்ணானால் குப்பாயி. ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்திவிட்டால் எமன் கண்ணுக்குப் பெண்ணாகத் தெரியும், குறையுள்ளதாகவும் தெரியும் என்று குத்தினால் அவன் மூக்கன். யாருக்கும் வேண்டாத பொருள் என்று பெயர் சொல்ல வேண்டும். எமனும் அதை வேண்டாமென்று போக வேண்டும்.

அம்மைக்கும் பேதிக்கும் பிள்ளைகளைக் கொடுத்த காலம் அது. அப்படிப் பெயர் வைத்த பிள்ளை பிழைத்து, வளர்ந்து, காடு திருத்தி, பேரன் பேத்தி பார்த்து, கடைசியில் ஊருக்கே தன் பெயரைக் கொடுத்திருக்கிறான் என்றால், அதைக் கேலிப்பெயர் என்று நினைப்பவர்கள் தப்பாக நினைக்கிறார்கள். இங்கேயும் எதிர்க்கட்சிக்கு இடமுண்டு. மூக்கு என்றால் மேட்டு நிலத்தின் நீட்சியையும் சொல்லலாம். குப்பண்ணசாமியைக் குலதெய்வமாகக் கும்பிடுகிற குடும்பங்கள் கொங்கில் நிறைய. குப்பன் அவர் பெயரிலிருந்தும் வந்திருக்கலாம். குப்பேபாளையத்திலும் காரேகவுண்டன்பாளையத்திலும் இருக்கிற ஏகாரம் கன்னடத்து வாடை அடிக்கிறது. தமிழில் ஐகாரத்தில் முடிகிற சொல் கன்னடத்தில் எகரத்தில் முடியும். மைசூர் ஆட்சி 1799 வரை இருந்த மண் இது, கன்னடம் பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ள பகுதி, அதில் ஆச்சரியமில்லை.

இதுவரை பார்த்தது ஆள் பெயர் ஊருக்குப் போன வழி. எதிர்த் திசையிலும் போக்குவரத்து அதே அளவுக்கு உண்டு. பழனிசாமி, பழனியம்மாள், வெள்ளிங்கிரி, மருதாசலம், சென்னியப்பன், ஓதியப்பன், அவிநாசியப்பன், மகுடேஸ்வரன். கொங்கில் ஒரு பழைய வாக்காளர் பட்டியலை எடுத்துப் புரட்டினால் அது பாதி யாத்திரை வழிகாட்டி மாதிரி இருக்கும். பழனி, வெள்ளிங்கிரி மலை, மருதமலை, சென்னிமலை, இரும்பறை ஓதிமலை, அவிநாசி, கொடுமுடி என்று ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு படிக்கட்டோ தேரோ நிற்கிறது. பிள்ளை வரம் கேட்ட இடத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது. இரண்டு வழக்கமும் சேர்ந்து ஒரு மலையின் பெயரை நான்கு தலைமுறைக்கு ஒரே குடும்பத்தில் சுற்ற விட்டிருக்கின்றன. எடப்பாடி பழனிசாமி என்ற பெயரைக் கவனியுங்கள்: அதில் இருப்பது இரண்டு ஊர். ஒன்று பிறந்த பக்கம், ஒன்று கும்பிட்ட பக்கம். பத்திரிகைகள் சுருக்கமாக எடப்பாடி என்று எழுதும்போது ஊர் முழுசாக ஆளாகிவிடுகிறது. விக்கிரவாண்டியில் 2024 இடைத்தேர்தலில் வென்ற அன்னியூர் சிவாவும் அப்படித்தான்; அது விழுப்புரம் மாவட்டத்து அன்னியூர், இந்தப் பெயர்க் குடும்பத்தில் இன்னோர் உறுப்பினர்.

அவிநாசி என்ற பெயர் போன சுற்றுதான் இவற்றிலெல்லாம் நீளமானது. திருப்புக்கொளியூர் என்பது தேவாரம் அறிந்த ஊர்ப்பெயர்; அவிநாசி சாமியின் பெயர். சாமி பெயர் ஊருக்கு வந்து பழைய பெயரைத் தள்ளிவிட்டது. ஊரும் சாமியும் சேர்ந்த அந்தப் பெயர் ஆட்களுக்குப் போயிற்று. அந்த ஆட்களில் ஒருவர் தி. சு. அவிநாசிலிங்கம். 1930-இல் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தைத் தொடங்கியவர், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர், தமிழ்க் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தலைவர். அவர் தலைப்பெழுத்தில் உள்ள தி திருப்பூர். ஆக, அவர் பெயரிலும் இரண்டு ஊர்கள். 1957-இல் பெண்களுக்காக அவர் தொடங்கிய மனையியல் கல்லூரி பின்னாளில் அவிநாசிலிங்கம் பல்கலைக்கழகமாயிற்று. மேட்டுப்பாளையம் சாலையில் பஸ் ஏறி அவிநாசிலிங்கம் காலேஜ் ஒரு டிக்கெட் என்று கேட்கிறவருக்கு அது ஒரு நிறுத்தம். சாமி, ஊர், ஆள், கல்லூரி, பஸ் நிறுத்தம்.

இதெல்லாம் பெரிய பெயர்கள். கொங்கு கிராமத்துக்குள் இறங்கினால் இந்தக் கொடுக்கல் வாங்கல் தோட்டம் தோட்டமாக நடக்கிறது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பழனிச்சாமி வீடு எது என்று கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள்.

"எந்தப் பழனிச்சாமிங்க? கெணத்துக்காட்டாருங்களா, ஆலாங்காட்டாருங்களா?"

"தெரியலீங்க. பால் சொசைட்டிக்கு ஊத்தறவருங்க."

"அட, அப்ப நம்ம ஆலாங்காட்டாருங்க. இப்படியே மேக்கால போனீங்கன்னா சின்னான் தோட்டம் வரும், அதுக்கு அடுத்ததுங்க."

ஆலமரம் இருந்த காடு ஆலாங்காடு. அங்கே இருக்கிறவர் ஆலாங்காட்டார். சின்னான் யாரென்று இன்று அந்தத் தோட்டத்துக்காரருக்கே தெரியாது. நிலம் இரண்டு கை மாறிவிட்டது. மரம் ஆளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறது, ஆள் நிலத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். இரண்டும் ஒரே வழி சொல்லும் வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. அன்னூரின் பெயர் பிறந்ததும் இப்படியொரு வாக்கியத்தில்தான் இருக்கும். எழுதிவைத்த பெயரல்ல, வழி கேட்டவருக்குச் சொன்ன பெயர்.

ஒலி ஒன்றாக இருப்பதாலேயே உறவு கொண்டாடக் கூடாது என்பதற்கு ஒரு விளையாட்டு. அன்னூர் என்று ஆங்கில எழுத்தில் இணையத்தில் தேடிப் பாருங்கள். கேரளத்தில் பையனூர் பக்கத்து அன்னூர் வரும். ஒளி என்று பொருள்படும் அந்நூர், குர்ஆனின் 24-ஆம் அத்தியாயம், அந்தப் பெயரில் உள்ள மசூதிகள் எல்லாம் வரிசையாக வரும். அன்னி என்று தட்டினால் பெசண்ட் அம்மையார் வந்து நிற்பார். அவர் பெயரில் சென்னையில் ஒரு நகரே இருக்கிறது. இவற்றில் ஒன்றுக்கொன்று உறவில்லை. இதில் ஒருவரும் ஏமாற மாட்டோம். ஆனால் அகநானூற்று அன்னி என்றால் மட்டும் நெஞ்சு இளகிவிடுகிறது.

ஊர்ப்பெயரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதோடு யார் இல்லை என்பதும் பார்க்க வேண்டியது. கவுண்டன், நாயக்கன், செட்டி என்று பட்டங்கள் ஊர்ப்பெயரில் தாராளமாக உண்டு. பெண் பெயர் மிகக் குறைவு. வயலில் வேலை செய்தவர்கள் குடியிருந்த பகுதிக்குப் பெரும்பாலும் தனிப்பெயரே கிடைக்கவில்லை. பக்கத்து ஊர்ப்பெயரோடு காலனி என்ற வாலை ஒட்டி எழுதினார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடுவதென்று தீர்மானம் போட்டபின், ஆட்கள் தங்கள் பெயரிலிருந்து அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினார்கள். ஆள் கழற்றிய பட்டத்தை ஊர் பத்திரமாக வைத்துக்கொண்டது. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், ஊர், தெரு, நீர்நிலைப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை மாற்றுவதற்கு அரசாணை வந்தது. அதே மாதத்தில் கோவை அவிநாசி சாலையின் 10.1 கிலோமீட்டர் உயர்மட்டப் பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. ஒரு கையால் அழித்துக்கொண்டே மறு கையால் எழுதுகிறார்கள் என்று சண்டை கிளம்பியது. ஜி.டி. நாயுடு என்பது கோவைக்காரர்களுக்குப் பட்டமாகக் காதில் விழுவதில்லை, பெயராகத்தான் விழுகிறது என்பது ஒரு பக்கத்து நியாயம். ஊரான் பெயரில் இருந்தால் சாதி, நம் ஆள் பெயரில் இருந்தால் அடையாளமா என்பது மறு பக்கத்து நியாயம். இரண்டாவது கேள்விக்கு நேரான பதிலை இதுவரை எவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

அரசாங்கம் பெயரைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020-இல் ஓர் ஒத்திகை நடந்தது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டார்கள். கோயம்புத்தூரின் புதிய எழுத்துக்கூட்டலைப் பார்த்துச் சிரித்தவர்களின் சத்தம் அடங்குவதற்குள் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அன்னூர் ஒன்றியத்தில் மசக்கவுண்டன்செட்டிபாளையம் என்று ஓர் ஊராட்சி இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு சாதிப் பட்டம். சாதிப் பெயர் பற்றிய ஆணையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினால் மசப்பாளையம்தான் மிஞ்சும். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சர்க்கார் சாமக்குளத்தை எஸ்.எஸ். குளம் என்றும், நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியாரின் பெயரில் எழுந்த பேட்டையை ஆர்.எஸ். புரம் என்றும் சுருக்கின அதே கொங்கு வழக்கப்படி, ஆளுக்கு வைப்பது போலவே ஊருக்கும் தலைப்பெழுத்து வைத்துவிட்டார்கள். அங்கே போகிறவர்கள் கேட்பது எம்.ஜி.சி. பாளையம் டிக்கெட்.